ஊரின் பெயரில் ஒரு கையெழுத்து

(அமெரிக்காவின் பிரெய்ரி ஸ்டேட் நிலக்கரி மின்நிலையத்துக்காக வெளியிடப்பட்ட பொதுக் கடன் பத்திரங்கள் குறித்து ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த ஒரு பொதுநிதி விவகாரத்தைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். அந்த மாநிலத்தின் தெற்குப் பகுதியில், செயின்ட் லூயிஸ் நகருக்குத் தென்கிழக்கே, மக்காச்சோளமும் சோயாவும் விளைகிற வாஷிங்டன் மாவட்டத்தில் ஒரு நிலக்கரி மின்நிலையம் இருக்கிறது. அதன் பெயர் பிரெய்ரி ஸ்டேட். தலா 800 மெகாவாட் திறனில் இரண்டு யூனிட்டுகள். பக்கத்திலேயே லைவ்லி குரோவ் என்ற நிலத்தடிச் சுரங்கம். வெட்டிய கரி ரயிலில் ஏறாமல், அங்கிருந்தே உலைக்குப் போகிறது. நெய்வேலியை அறிந்த நமக்கு இந்த அமைப்பு பழக்கமானதுதான். ஆனால் இதைக் கட்டப் பணம் வந்த வழி நாம் நின்று கவனிக்க வேண்டியது.

சுமார் 500 கோடி டாலர் செலவான இந்தத் திட்டத்தில் ஏறக்குறைய 79 விழுக்காட்டுப் பங்கை ஆறு பொது மின் முகமைகள் வாங்கின. ஒவ்வொரு முகமையின் பின்னாலும் சிறு நகராட்சிகள் பல. ஒஹாயோ, இந்தியானா, மிசூரி, கென்டக்கி, இல்லினாய் எனப் பல மாநிலங்களைச் சேர்ந்த சுமார் 200 ஊர்கள் இதில் கட்டுண்டன. பணம் கடன் பத்திரங்களால் திரண்டது. அதைத் திருப்பிக் கட்டும் பொறுப்பு அந்த ஊர்களில் விளக்குப் போடுகிற ஒவ்வொருவர் தலையிலும் ஏறியது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் கடன் பத்திரம் தோற்கவில்லை. எழுதியது எழுதியபடி, பிசகில்லாமல் வேலை செய்தது. பத்திரம் வாங்கியவருக்கு வட்டி போய்ச் சேர்ந்தது. ஊர்கள் பட்ட துன்பம் அந்த வெற்றியிலிருந்தே பிறந்தது. எப்படி என்று பார்ப்போம்.

நகராட்சிக் கடன்: ஒரு நல்ல கருவி

நகராட்சிக் கடன் பத்திரம் அமெரிக்கப் பொதுவாழ்வின் முதுகெலும்புகளில் ஒன்று. குடிநீர்க் குழாய், பள்ளிக்கூடம், பாலம், சாக்கடை என்று அந்நாட்டு ஊர்கள் கட்டிக்கொண்டவற்றில் பெரும்பகுதி இந்தப் பத்திரங்களால் கட்டப்பட்டது. 1913-ல் கூட்டரசு வருமான வரி வந்தபோதே, மாநிலங்களும் நகராட்சிகளும் வாங்கும் கடனுக்கான வட்டி வரியிலிருந்து விலக்கப்பட்டது. முதலீட்டாளருக்கு வரி மிச்சமாவதால் குறைந்த வட்டியை ஏற்கிறார். ஊருக்குக் கடன் மலிவாகிறது. வரிச்சலுகையின் செலவு நாடு முழுவதற்கும் பகிரப்படுகிறது. ஊர்ப் பொதுக்காரியத்துக்கு நாடே தோள்கொடுக்கும் ஏற்பாடு இது.

மின்சாரத்திலும் அப்படித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே, தனியார் கம்பெனி எட்டிப் பார்க்காத அல்லது அதிக விலை கேட்ட ஊர்களில் மக்கள் தாங்களே மின்விநியோகத்தை நடத்தத் தொடங்கினார்கள். லாபம் பங்குதாரருக்குப் போவதில்லை. கட்டணத்தை ஊர் மன்றமோ ஊரே அமைத்த வாரியமோ தீர்மானிக்கும். நான் பெரிதும் மதிக்கும் மரபு அது.

ஆனால் இருபதாயிரம் பேர் வாழும் ஊர் தனியாக ஒரு பெரிய மின்நிலையத்தைக் கட்ட முடியாது. ஆகவே பல ஊர்கள் சேர்ந்து கூட்டு முகமை அமைக்கின்றன. முகமை கடன் வாங்கும், மின்நிலையத்தில் பங்கு வாங்கும், ஊர்களுக்கு மின்சாரம் விற்கும். முகமைக்கென்று வரி விதிக்கும் அதிகாரம் இல்லை, தனிச் சொத்தும் அதிகம் இல்லை. அதை நம்பிக் கடன் கொடுப்பவர் உண்மையில் நம்புவது ஊர்கள் அந்த முகமையோடு போட்டிருக்கும் ஒப்பந்தத்தை. அந்த ஒப்பந்தத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில், 2000-களின் தொடக்கத்தில் இத்தனை ஊர்கள் ஏன் நிலக்கரியை நாடின என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

அந்தக் காலத்தின் அச்சம்

பின்னாளில் இருந்துகொண்டு முன்னோரைக் குறைசொல்வது எளிது. அன்றைய நிலையை அன்றைய கண்ணால் பார்க்க வேண்டும். 2000, 2001-ல் கலிஃபோர்னியாவில் மின்சந்தை சீர்குலைந்து விலை தாறுமாறாக ஏறியது. 2005-ல் கத்ரீனா, ரீட்டா சூறாவளிகள் மெக்சிகோ வளைகுடாவின் எரிவாயு உற்பத்தியை முடக்கின. இல்லினாயில் பல ஆண்டுகளாக உறைய வைக்கப்பட்டிருந்த தனியார் மின்கட்டணங்கள் 2007 ஜனவரியில் அவிழ்ந்து உயர்ந்தன. நகராட்சிகள் மொத்த விலையில் மின்சாரம் வாங்கப் போட்டிருந்த பழைய ஒப்பந்தங்களும் முடிவுக்கு வந்துகொண்டிருந்தன. நாளை என்ன விலை என்று தெரியாத நிலையில், 'உங்களுக்கே சொந்தமாக ஒரு மின்நிலையம், காலடியிலேயே கரி, முப்பது ஆண்டுக்கு நிலையான விலை' என்று ஒருவர் சொன்னால் எந்த ஊர் மன்றமும் காது கொடுக்கத்தான் செய்யும்.

அப்படிச் சொன்னது பீபாடி எனர்ஜி. அமெரிக்காவின் மிகப் பெரிய நிலக்கரி நிறுவனம். அதற்கும் ஒரு நெருக்கடி இருந்தது. இல்லினாய் கரியில் கந்தகம் அதிகம். 1990-ல் தூய காற்றுச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, மின்நிலையங்கள் கந்தகம் குறைந்த வயோமிங் கரிக்கு மாறின. தெற்கு இல்லினாயில் சுரங்கங்கள் மூடின, ஊர்கள் வேலை இழந்தன. தரைக்கடியில் ஏராளமான கரி வாங்க ஆளில்லாமல் கிடந்தது. கந்தகத்தைப் பிடிக்கும் ஸ்க்ரப்பர் வசதியோடு சுரங்கத்தின் வாசலிலேயே மின்நிலையம் கட்டினால், விற்க முடியாத கரிக்கு ஒரு நிரந்தர வாடிக்கையாளர் கிடைப்பார். 2001-ல் பீபாடி திட்டத்தை அறிவித்தது. 2005-ல் காற்று மாசு அனுமதி கிடைத்தது. சுற்றுச்சூழல் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. 2007-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதி செல்லும் என்றது. அந்த ஆண்டு அக்டோபரில் வேலை தொடங்கியது.

அந்த ஆண்டு முடிவதற்குள் உரிமையாளர் பட்டியல் முழுதாக மாறியிருந்தது. ஒஹாயோவைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்கன் முனிசிபல் பவர் 23.26 விழுக்காடு எடுத்துக்கொண்டது. இல்லினாய் முகமை 15.17, இந்தியானா முகமை 12.64, மிசூரி முகமை 12.33. பட்டேவியா, ஜெனிவா, ரோஷெல் ஆகிய மூன்றே ஊர்களைக் கொண்ட வடக்கு இல்லினாய் முகமை 7.60. பதூக்கா, பிரின்ஸ்டன் என்ற இரண்டே ஊர்களைக் கொண்ட கென்டக்கி முகமை 7.82. இரண்டு கிராமப்புற மின் கூட்டுறவுகளும் சேர்ந்தன. திட்டத்தைக் கருவாக்கி, வளர்த்து, விற்ற பீபாடி தன்னிடம் வைத்துக்கொண்டது 5.06 விழுக்காடு.

இந்த எண்ணைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். திட்டத்தைப் பற்றி எல்லோரையும் விட அதிகம் அறிந்தவர் இருபதில் ஒரு பங்கு வைத்துக்கொண்டார். இவ்வளவு பெரிய மின்நிலையம் கட்டிப் பழக்கமே இல்லாத ஊர்கள் ஐந்தில் நான்கு பங்கை எடுத்துக்கொண்டன.

'எடுத்தாலும் கட்டு, எடுக்காவிட்டாலும் கட்டு'

இப்போது ஒப்பந்தத்துக்கு வருகிறேன். டேக் ஆர் பே என்று அதைச் சொல்வார்கள். ஊர் மின்சாரத்தை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும், மின்நிலையம் ஓடினாலும் நின்றாலும், கட்டி முடிந்தாலும் முடியாவிட்டாலும், தன் பங்குக் கடனைக் கட்டியே ஆக வேண்டும். இன்னொரு ஊர் கட்டத் தவறினால் மற்ற ஊர்கள் ஒரு வரம்பு வரை அதன் சுமையையும் ஏற்க வேண்டும் என்ற ஏற்பாடும் இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கம். பத்திரம் வாங்குகிற முதலீட்டாளர் இதைப் பார்த்துத்தான் குறைந்த வட்டிக்கு முப்பது, நாற்பது ஆண்டுக் கடன் தருகிறார். அவருக்கு நிலக்கரி விலை பற்றிய கவலை இல்லை, கொதிகலன் பற்றிய கவலை இல்லை. ஊர்மக்கள் மின்கட்டணம் கட்டுவார்கள் என்ற ஒன்றே போதும்.

இந்த ஒப்பந்தத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1970-களில் வாஷிங்டன் மாநிலத்தின் பொது மின் வழங்கல் அமைப்பு ஐந்து அணுமின் நிலையங்களைக் கட்டக் கடன் பத்திரங்கள் வெளியிட்டது. செலவு கட்டுக்கடங்காமல் போக, 1982 ஜனவரியில் நான்காவது, ஐந்தாவது நிலையங்கள் பாதியில் கைவிடப்பட்டன. அவற்றுக்காக 88 மின்விநியோக அமைப்புகள் இதே வகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தன. மின்சாரமே வராத நிலையத்துக்கு மக்கள் ஏன் கட்ட வேண்டும் என்று வழக்கு வந்தது. அப்படி ஒப்பந்தம் போட அந்த அமைப்புகளுக்குச் சட்டப்படி அதிகாரமே இல்லை என்று 1983-ல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 225 கோடி டாலர் கடன் தவணை தவறியது. நகராட்சிப் பத்திரங்களின் வரலாற்றில் அதுவரை கண்டிராத பெரிய தவணைத் தவறு அது. ஓய்வுக்காலச் சேமிப்பைப் போட்டிருந்த முதியவர்கள் பலர் அதில் அடிபட்டார்கள்.

பத்திரச் சந்தை இந்தப் பாடத்தை மறக்கவில்லை. ஊருக்கு இப்படிக் கையெழுத்துப் போடச் சட்ட அதிகாரம் உண்டா என்று வழக்கறிஞர்கள் அங்குலம் அங்குலமாகச் சோதிக்கத் தொடங்கினார்கள். முதலீட்டாளரைக் காக்கும் சுவர் உயர்ந்தது. ஊரைக் காக்கும் சுவரை யாரும் உயர்த்தவில்லை. கடன் கொடுத்தவருக்கு நேர்ந்த இழப்பிலிருந்து சந்தை பாடம் கற்றது. கடன் வாங்கிய ஊர் தாங்க முடியாத பொறுப்பை ஏன் ஏற்றது என்ற பாடம் பள்ளிக்கூட வாசலிலேயே நின்றுவிட்டது. பிரெய்ரி ஸ்டேட் பத்திரங்கள் வெளியானபோது 1983-ன் ஓட்டை அடைபட்டிருந்தது. இனி ஆபத்து வந்தால் போக ஒரே வழிதான்: நுகர்வோரின் மின்கட்டண ரசீது.

ஆபத்து வந்தது

வந்தது. முதலில் செலவு. ஆரம்பத்தில் 200 கோடி டாலர் அளவில் பேசப்பட்ட திட்டம் முடிவில் 500 கோடியை ஒட்டி நின்றது. கட்டுமானத்தை எடுத்திருந்த பெக்டெல் நிறுவனத்தோடு 2010-ல் நிலையான விலைக்கு ஒப்பந்தம் மாற்றப்பட்டது. அதற்குள் விலை ஏறிவிட்டிருந்தது. முதல் யூனிட் 2012-ன் நடுவிலும், இரண்டாவது அந்த ஆண்டு நவம்பரிலும் வணிக உற்பத்தியைத் தொடங்கின. தொடக்க ஆண்டுகளில் யூனிட்டுகள் அடிக்கடி நின்றன. நின்ற நாள்களில் ஊர்கள் மின்நிலையத்தின் கடனையும் கட்டின, சந்தையில் மாற்று மின்சாரத்தையும் வாங்கின.

அடுத்தது எரிவாயு. எந்த அச்சத்தால் ஊர்கள் நிலக்கரியிடம் ஓடினவோ அந்த அச்சமே காலாவதியானது. பாறையடுக்குகளைப் பிளந்து எரிவாயு எடுக்கும் தொழில்நுட்பம் பரவி, விலை சரிந்தது. அமெரிக்கச் சந்தையின் அளவுகோலான ஹென்றி ஹப் விலை, பத்து லட்சம் பி.டி.யு. வெப்ப அளவுக்கு, 2008-ல் சராசரியாக 9 டாலரை ஒட்டி இருந்தது. பிரெய்ரி ஸ்டேட் ஓடத் தொடங்கிய 2012-ல் அது 3 டாலருக்கும் கீழே. எரிவாயு மலிந்தால் மொத்த மின்சார விலையும் விழும். தேவைக்கு மேல் பங்கு வாங்கி, மீதியைச் சந்தையில் லாபத்துக்கு விற்கலாம் என்று கணக்குப் போட்டிருந்த ஊர்கள் மீதியை நட்டத்துக்கு விற்றன.

இது கண்முன் தெரிய வேண்டுமானால் பதூக்காவைப் பார்க்க வேண்டும். ஒஹாயோ ஆறும் டென்னசி ஆறும் சேருமிடத்தில் இருக்கும் கென்டக்கி மாநில நகரம். கூட்டரசின் மின் அமைப்பான டென்னசிப் பள்ளத்தாக்கு ஆணையத்திடம் பல பத்தாண்டுகளாக மின்சாரம் வாங்கிவந்த ஊர், சொந்த மின்சாரத்தை நம்பி 2009 டிசம்பரில் அதிலிருந்து விலகியது. அதுவும், பிரின்ஸ்டன் என்ற இன்னும் சிறிய ஊரும் சேர்ந்த முகமைக்குத் திட்டத்தில் 7.82 விழுக்காடு. 500 கோடியில் அது சுமார் 39 கோடி டாலர். ஆனால் பத்திரக் கடன் அதோடு நிற்காது. கட்டுமானம் நடக்கும் ஆண்டுகளில் வருமானம் கிடையாது, வட்டி மட்டும் ஓடும். அந்த வட்டியையும் கடன் வாங்கியே கட்டுவார்கள். கடன் காப்பு நிதி ஒன்றை ஒதுக்க வேண்டும். பத்திரம் வெளியிடுவதற்கான கூலிகளும் உண்டு. எல்லாம் சேர்ந்து கடன் 50 கோடி டாலரை ஒட்டி நின்றது. இரண்டு ஊர்களின் மக்கள்தொகையும் சேர்த்துச் சுமார் 32,000. கைக்குழந்தை உட்பட ஆளுக்குப் பதினைந்தாயிரம் டாலருக்கு மேல்.

2013-ல் பதூக்காவின் யுரேனியம் செறிவூட்டும் ஆலையும் உற்பத்தியை நிறுத்தியது. ஊரின் பெரிய வேலைவாய்ப்புகளில் ஒன்று அது. வேலை போன அதே காலத்தில் மின்கட்டணம் ஏறியது. 2014 வாக்கில் கென்டக்கி மாநிலத்திலேயே மிக உயர்ந்த கட்டணங்களுள் ஒன்று பதூக்காவுடையதாக இருந்தது. மலிவு மின்சாரத்துக்காகத் தொடங்கிய பயணம் அங்கே போய் நின்றது. கடன் தர மதிப்பீட்டு நிறுவனங்கள் ஊர் மின்வாரியத்தின் குறியீட்டைக் குறைத்தன. குடிமக்கள் கூட்டங்களில் எழுந்து கேட்டார்கள். பதில் ஒன்றுதான் இருந்தது: ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது.

யார் என்ன பெற்றார்

இனி ஐந்து விழுக்காட்டுக்காரருக்கு வருவோம். 2016-ல் பீபாடி திவால் பாதுகாப்பு கோரியது. அதே ஆண்டு தன் 5.06 விழுக்காட்டைக் கூட்டுறவு நிறுவனமான வாபாஷ் வேலி பவருக்கு 5.7 கோடி டாலருக்கு விற்று வெளியேறியது. கட்டிய விலையில் அந்தப் பங்கின் மதிப்பு சுமார் 25 கோடி. நாலே ஆண்டில் அது கால் பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த விற்பனை விலையைக் கொண்டு முழு நிலையத்தின் மதிப்பைக் கணக்கிட்டால் சுமார் 113 கோடி டாலர் வருகிறது. ஊர்கள் தலையில் நின்ற கடனோ அதைப் போலப் பல மடங்கு. நிறுவனம் நட்டத்தை ஏற்றுக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டு போகலாம். ஊருக்கு அந்தக் கதவு இல்லை. ஊரால் இடம்பெயர முடியாது, தன்னைக் கலைத்துக்கொள்ள முடியாது.

கூட்டரசும் ஒரு பாடம் கற்பித்தது. 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு, 2009-ல் பில்ட் அமெரிக்கா பாண்ட்ஸ் என்ற புது வகைப் பத்திரம் அறிமுகமானது. வரிவிலக்குக்குப் பதிலாக, ஊர் கட்டும் வட்டியில் 35 விழுக்காட்டைக் கூட்டரசே திருப்பித் தரும் என்றது சட்டம். பிரெய்ரி ஸ்டேட் முகமைகள் இதையும் பயன்படுத்திக்கொண்டன. 2013-ல் நாடாளுமன்றத்தின் செலவுக் குறைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது அந்த மானியமும் வெட்டுப்பட்டது. வாக்கை மீறியதாக அரசின்மீது அந்த ஆறு முகமைகளும் வழக்குப் போட்டன. 2023-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. அரசு தன் வாக்கைக் குறைத்துக்கொள்ளலாம், பங்குதாரர் விற்றுவிட்டுப் போகலாம், ஊர் மட்டும் கடைசி டாலர் வரை கட்ட வேண்டும். ஒரே திட்டத்தில் மூன்று தரப்புக்கு மூன்று நியாயம்.

கடன் ஒரு கோட்டையாகும்போது

பணத்தோடு இந்தக் கதை முடிந்திருந்தால் உங்கள் நேரத்தை இவ்வளவு எடுத்திருக்க மாட்டேன். பிரெய்ரி ஸ்டேட் ஆண்டுக்கு ஒரு கோடி டன்னுக்கு மேல் கரியமில வாயுவை வெளியிடுகிறது. அமெரிக்காவின் மிகப் பெரிய உமிழ்வு மையங்களில் ஒன்று. 2021 செப்டம்பரில் இல்லினாய் அரசு காலநிலைக்கும் நியாயமான வேலைவாய்ப்புக்குமான சட்டத்தை நிறைவேற்றியது. தனியார் நிலக்கரி நிலையங்கள் 2030-க்குள் மூட வேண்டும். பிரெய்ரி ஸ்டேட் போன்ற பொது உடைமை நிலையங்களுக்கு மட்டும் தனிக் கால அட்டவணை: 2035-க்குள் உமிழ்வில் 45 விழுக்காடு குறைப்பு, அதற்கும் சில ஆண்டு நீட்டிப்புக்கு வழி, முழு நிறுத்தம் 2045 இறுதியில்.

பதினைந்து ஆண்டு கூடுதல் தவணை ஏன்? கடன்தான் காரணம். பத்திரங்கள் 2040-கள் வரை நிற்கின்றன. நிலையத்தை முன்கூட்டி மூடினால் கடனும் கட்ட வேண்டும், வேறு மின்சாரமும் வாங்க வேண்டும், இரட்டைச் சுமை தாங்காது என்று நகராட்சிகள் முறையிட்டன. அவர்கள் சொன்னது பொய்யில்லை. அதனால்தான் அது கவலைக்குரியது. பொதுநன்மைக்காக வாங்கிய கடன், காற்றையும் வானிலையையும் காக்கும் பொதுநன்மைக்கு எதிரில் கோட்டையாக எழுந்து நின்றது. மக்களுடைய சொத்து என்பதாலேயே அது தனியார் நிலையத்தைவிடப் பதினைந்து ஆண்டு அதிகம் புகையும். 2007-ல் கையெழுத்திட்டவர்கள் 2045-ன் வானத்தையும் சேர்த்தே தீர்மானித்துவிட்டார்கள்.

எதிர்த்தரப்பில் நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். தொடக்கக் கோளாறுகள் நீங்கிய பிறகு நிலையம் நன்றாக ஓடியது. 2022-ல் எரிவாயு விலை ஆண்டுச் சராசரியில் 6 டாலரைத் தாண்டியபோது, நிலையான விலையில் மின்சாரம் பெற்ற ஊர்கள் நிம்மதியாக இருந்ததை முகமைகள் சுட்டிக்காட்டின. நூற்றுக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் சுரங்கத்தையும் நிலையத்தையும் நம்பி வாழ்கின்றன. இவை எல்லாம் உண்மை. ஆனால் நல்ல ஆண்டில் பலன் வந்தது என்பதற்காக, கெட்ட ஆண்டில் சுமையை யார் தாங்க வேண்டும் என்ற கேள்வி மறைந்துவிடாது. தாங்கும் வலு இல்லாதவரிடம் முழு ஆபத்தையும் ஒப்படைத்தது தவறு. பின்னால் விலை ஏறியதால் அந்தத் தவறு சரியாகிவிடவில்லை.

என்ன செய்யலாம்

பொதுக் கடன் வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. அதே கருவி வேறு கையில் வேறு வேலை செய்யும். நியூ மெக்சிகோ மாநிலம் 2019-ல் ஒரு சட்டம் இயற்றியது. சான் வான் நிலக்கரி நிலையத்தின் மீதிக் கடனைக் குறைந்த வட்டிப் பத்திரங்களாக மாற்றி, நிலையத்தை மூடவும், வேலை இழக்கும் தொழிலாளருக்கும் சுற்றுவட்டார மக்களுக்கும் உதவி செய்யவும் அது வழிகொடுத்தது. 2022-ல் அந்த நிலையம் நின்றது. கடன் பத்திரத்தால் நிலக்கரிக்குள் நுழையவும் முடியும், நிலக்கரியை விட்டு வெளியேறவும் முடியும். எழுதும்போது நாம் என்ன நிபந்தனை வைக்கிறோம் என்பதில் இருக்கிறது.

பிரெய்ரி ஸ்டேட்டிலிருந்து நான்கு நிபந்தனைகளைச் சொல்வேன். முதலாவது, திட்டத்தை விற்பவர் அதில் கணிசமான பங்கை, கடன் தீரும் காலத்தில் ஒரு நல்ல பகுதி வரை, கையில் வைத்திருக்க வேண்டும். தன் சரக்கில் அவருக்கு நம்பிக்கை உண்டென்றால் இது பாரமாக இராது. இரண்டாவது, ஊரின் மின்தேவையில் பெரும்பகுதியை ஒரே நிலையத்திடம் ஒப்படைக்கக் கூடாது. தேவைக்கு மேல் வாங்கிச் சந்தையில் விற்போம் என்ற கணக்கு நகராட்சி செய்ய வேண்டிய வணிகமே இல்லை.

மூன்றாவது, திட்டத்தை மதிப்பிடும் ஆலோசகரின் கூலி, பத்திரம் விற்கப்பட்டால்தான் கிடைக்கும் என்ற நிலையில் இருக்கக் கூடாது. வேண்டாம் என்று சொன்னாலும் கூலி கிடைக்கிறவர்தான் சுதந்திரமாகப் பேச முடியும். நான்காவது, ஒரு சராசரி வீட்டின் மின்கட்டணம், செலவு இரட்டித்தால் எவ்வளவு, சந்தை விலை பாதியானால் எவ்வளவு, நிலையம் ஆறு மாதம் நின்றால் எவ்வளவு என்று ஒரே பக்கத்தில் அச்சிட்டு, வாக்கெடுப்புக்கு முன் ஒவ்வொரு வீட்டுக்கும் தர வேண்டும். பத்திரம் வாங்குகிற முதலீட்டாளருக்கு ஆபத்துகளைப் பட்டியலிட்டு நூற்றுக்கணக்கான பக்கத்தில் வெளியீட்டு ஆவணம் கிடைக்கிறது. அதே ஆபத்தை உண்மையில் சுமக்கப்போகிற வீட்டுக்காரருக்கு ஒரு பக்கமாவது கிடைக்க வேண்டாமா?

நம் நாட்டுக்கும் இதில் சேதி உண்டு. மாநில மின்வாரியங்கள் இருபத்தைந்து ஆண்டு ஒப்பந்தம் போடும்போது, மின்சாரம் எடுக்காத நாளுக்கும் நிலைக் கட்டணம் செலுத்துகின்றன. அந்தக் கட்டணத்துக்குள் யாரோ ஒருவருடைய கடன் தவணை இருக்கிறது. ஊரும் பெயரும் வேறு. ஆபத்து கடைசியில் வந்து சேரும் இடம் ஒன்றே. பொதுநிதி படிக்கும் மாணவர்கள் இந்த ஒப்பந்தங்களைத் தேடிப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கெட்ட ஆண்டின் சுமையை யார் தாங்குவது என்ற கேள்வி இல்லினாயில் மீண்டும் உயிர்பெற்றது. இல்லினாய் முகமையோடு ஊர்கள் போட்டிருந்த ஒப்பந்தம் 2035-ல் முடிவதாக இருந்தது. அதை 2055 வரை நீட்டிக்கும்படி முகமை, பத்தாண்டுக்கு முன்னதாகவே, உறுப்பு ஊர்களைக் கேட்டது. முகமையின் மிகப் பெரிய உறுப்பான நேப்பர்வில் நகரில் குடிமக்கள் மன்றக் கூட்டங்களுக்குத் திரண்டு வந்தார்கள். நிலையத்தின் எதிர்காலம் என்ன, வேறு வழிகளுக்கு விலை கேட்டீர்களா, இப்போதே ஏன் அவசரம் என்று ஆவணங்களோடு கேட்டார்கள். கையெழுத்துக்குப் பிறகு பதூக்கா மக்கள் கேட்ட கேள்விகளை, நேப்பர்வில் மக்கள் கையெழுத்துக்கு முன்பே கேட்டார்கள். அந்த முன்பின் வேறுபாட்டில்தான் ஜனநாயகம் இருக்கிறது.

ஊரின் பெயரில் ஒருவர் கையெழுத்திடும்போது, இன்னும் பிறக்காத பிள்ளைகளின் வருமானத்தையும் அவர்கள் மூச்சுவிடப் போகும் காற்றையும் சேர்த்து அடகு வைக்கிறார். அந்த அதிகாரத்தை நாம்தான் கொடுக்கிறோம். கொடுக்கும் முன் கணக்குக் கேட்பது நம் உரிமை, நம் பிள்ளைகளுக்கு நாம் பட்ட கடமை. அந்தக் கடமையைச் செய்ய நிதி நிபுணராக இருக்க வேண்டியதில்லை. 'இது பொய்த்துப் போனால் யார் கட்டுவது?' என்று கேட்கத் தெரிந்தால் போதும். நேரான பதில் வரும்வரை கையெழுத்துக்கு இணங்காதீர்கள்.